கபுருக்குப் பக்கத்தில் தொழலாமா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குச் சற்றுப் பிந்திப் போனால் உள்பள்ளி நிறைந்திருக்கும். வெளிப்பள்ளியும் நிறைந்து, கைகால் கழுவும் தொட்டியான ஹவுளைச் சுற்றிய இடமும் நிறைந்து, கடைசி ஸஃப்பு (தொழுகை வரிசை) வளாகத்து மண்ணுக்கு வந்துவிடும். விரிப்பைப் போட்டு நிமிர்ந்தால் நாலு முழத் தூரத்தில், நேர் எதிரே, ஒரு கபுரின் (கல்லறையின்) அடையாளமாக நட்ட மீஸான் கல் நிற்கிறது. இங்கே தொழலாமா என்று வலப்பக்கம் இருப்பவரைக் கேட்டால், "தாராளமா தொழுங்க தம்பி, எங்க வாப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான்" என்பார். இடப்பக்கம் இருப்பவர், "கபுர் இருக்கிற பள்ளியிலேயே தொழக் கூடாது பாய்" என்பார். இருவரிடமும் ஹதீஸ் (நபிமொழி) இருக்கும். இருவரும் பொய் சொல்லவில்லை.

நம் ஊர்களில் இந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பழைய ஜமாஅத்துகளில் மையவாடி (அடக்கத்தலம்) பெரும்பாலும் பள்ளியை ஒட்டியே இருக்கும். சென்னை திருவல்லிக்கேணியில் ஆற்காட்டு நவாப் வாலாஜாவின் குடும்பத்தார் 1795-இல் கட்டிய பெரிய பள்ளிவாசலின் வளாகத்தில்தான் லக்னோவிலிருந்து வந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலி அடங்கியிருக்கிறார். 1972-இல் மறைந்த காயிதே மில்லத்தும் அங்கேதான். மதுரை காஜிமார் பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் மக்பரா (அடக்க மண்டபம்) இருக்கிறது. இந்த இடங்களிலெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தொழுகை நடக்கிறது. 1980-களுக்குப் பிறகு ஏகத்துவத்தை வலியுறுத்தும் தவ்ஹீத் பிரச்சாரம் வலுத்தபோது, இதே தொழுகை கூடுமா என்ற விவாதம் வீட்டுத் திண்ணைவரை வந்தது.

விவாதம் முட்டி நிற்பதற்குக் காரணம், 'கபுருக்குப் பக்கத்தில் தொழுவது' என்ற ஒரே பெயரில் நாலைந்து வேறு வேறு கேள்விகள் கலந்து கிடப்பதுதான். மையவாடிக்குள் நின்று தொழுவது ஒரு கேள்வி. கபுரை முன்னால் வைத்துத் தொழுவது இன்னொன்று. கபுர் மேல் பள்ளி கட்டுவது வேறு. கட்டி முடிந்த பள்ளியில் ஒருவரை அடக்குவது அதிலும் வேறு. பள்ளிச் சுவருக்கு வெளியே மையவாடி இருப்பது முற்றிலும் வேறு. ஒன்றுக்கான சட்டத்தை மற்றொன்றின் மேல் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் ஹதீஸ்களைப் பார்த்துவிடுவோம்.

நபி (ஸல்) அவர்கள் கடைசி நோயில் படுத்திருந்தபோது சொன்னதாக அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவிப்பது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் நூல்களிலும் இருக்கிறது: யூதர்களும் கிறிஸ்தவர்களும் தங்கள் நபிமார்களின் கபுர்களை மஸ்ஜிதுகளாக (தொழுமிடங்களாக) ஆக்கிக்கொண்டார்கள், அல்லாஹ் அவர்களைச் சபிப்பானாக. அதோடு ஆயிஷா (ரலி) தம் பங்குக்கு ஒன்று சேர்க்கிறார்கள்: அந்த அச்சம் மட்டும் இல்லாதிருந்தால் நபியவர்களின் கபுரைத் திறந்த வெளியில் அமைத்திருப்பார்கள். வஃபாத்துக்கு (மறைவுக்கு) ஐந்து நாள் முன்பு, "கபுர்களை மஸ்ஜிதுகளாக ஆக்காதீர்கள், அதை நான் தடுக்கிறேன்" என்று சொன்னதை ஜுன்துப் (ரலி) வழியாக முஸ்லிம் பதிவுசெய்கிறது. "கபுர்கள் மேல் உட்காராதீர்கள், அவற்றை நோக்கித் தொழாதீர்கள்" என்ற அபூ மர்ஸத் (ரலி) அறிவிப்பும் முஸ்லிமில் உண்டு. "மையவாடியும் குளியலறையும் தவிர பூமி முழுவதும் மஸ்ஜிதுதான்" என்ற ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி போன்ற நூல்களில் இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் குழப்பம் இருப்பதைத் திர்மிதியே குறிப்பிட்டிருக்கிறார்.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது கருத்து வேறுபாடு எப்படி வந்தது? வந்தது 'ஏன்' என்ற ஒரு சொல்லில். எதற்காகத் தடுத்தார்கள் என்பதற்கு அறிஞர்கள் இரண்டு காரணம் சொன்னார்கள். எந்தக் காரணத்தைப் பிடித்தார்களோ அதற்கேற்பச் சட்டம் பிரிந்தது. இதைப் பிடித்துக்கொண்டால் நான்கு மத்ஹபுகள் (சட்ட மரபுகள்) சொல்வதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது.

ஒரு காரணம் நஜீஸ், அதாவது அசுத்தம். புதைத்த உடல் சிதைகிறது, ஊன்நீர் மண்ணில் கலக்கிறது, அந்த மண் மேலே வந்தால் இடம் சுத்தமில்லை. தொழுகைக்கு இடச் சுத்தம் நிபந்தனை. இன்னொரு காரணம் ஷிர்க்கின் (இணைவைத்தலின்) வாசலை அடைப்பது. நல்ல மனிதரின் கபுருக்கு முன்னால் குனிந்து நிமிரப் பழகிய கூட்டம், ஒரு தலைமுறை தாண்டியதும், யாருக்குக் குனிகிறோம் என்பதை மறந்துவிடும். முதல் காரணம் மண்ணைப் பார்க்கிறது, இரண்டாவது மனத்தைப் பார்க்கிறது.

நம் கடலோர ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபு மண்ணை உன்னிப்பாகப் பார்க்கிறது. திரும்பத் திரும்பத் தோண்டப்பட்டு, பிணத்தின் ஊன் மண்ணோடு கலந்துவிட்ட மையவாடியில், விரிப்பு ஏதும் இல்லாமல் தொழுதால் தொழுகை கூடாது, அதாவது செல்லாது. தோண்டப்படாத மையவாடியில் தொழுதால் கூடும், ஆனால் மக்ரூஹ். மக்ரூஹ் என்றால் செய்யாமல் இருப்பது நல்லது, செய்துவிட்டால் தொழுகை நிறைவேறிவிடும், மீட்டித் தொழ வேண்டியதில்லை. இமாம் நவவியின் 'மின்ஹாஜ்' நூலில், தொழுவதற்கு மக்ரூஹான இடங்களின் பட்டியலில் குளியலறை, நடைபாதை, குப்பைமேடு, ஒட்டகம் கட்டும் இடம் இவற்றோடு 'சுத்தமான மையவாடி'யும் வருகிறது. அந்த 'சுத்தமான' என்ற அடைமொழியில் காரணம் வெளிப்பட்டுவிடுகிறது. அதற்காக இந்த மத்ஹபு மனத்தை மறந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கபுரை முன்னால் வைத்துத் தொழுவது மக்ரூஹ் என்றும், பரக்கத் (அருள்வளம்) நாடி நபியின் கபுரை நோக்கித் தொழுவது ஹராம் (விலக்கப்பட்டது) என்றும் இதே மத்ஹபின் நூல்களில் இருக்கிறது. கபுர் மேல் மஸ்ஜித் கட்டுவதை இமாம் ஷாஃபிஈ தம் 'அல்உம்மு' நூலில் வெறுத்து எழுதியிருக்கிறார்.

உள்நாட்டு ஊர்களில் அதிகம் காணப்படும் ஹனஃபி மத்ஹபிலும் மையவாடியில் தொழுவது மக்ரூஹ். ஆனால் மையவாடிக்குள்ளேயே தொழுகைக்கென்று ஓரிடம் ஒதுக்கி, அதில் கபுரும் நஜீஸும் இல்லாமல், தொழும்போது நோக்கும் கிப்லாத் திசையிலும் கபுர் இல்லாமல் இருந்தால் குற்றமில்லை என்கிறார்கள். கபுர் முன்னால் இருப்பதற்கு அவர்கள் வைக்கும் அளவுகோல் எனக்குப் பிடித்தமானது: உள்ளச்சத்தோடு ஸஜ்தா செய்யும் (நெற்றியைத் தரையில் வைக்கும்) இடத்தைப் பார்த்துத் தொழுகிறவரின் பார்வையில் அந்தக் கபுர் விழுமா என்று பார். விழுந்தால் மக்ரூஹ். விழாத அளவு தள்ளியிருந்தால் இல்லை. முழக்கோல் தேவைப்படாத அளவு.

மாலிகி மத்ஹபில்தான் ஆச்சரியம். இமாம் மாலிக் மையவாடியில் தொழுவதில் குற்றம் காணவில்லை, முன்னும் பின்னும் வலமும் இடமும் கபுர்கள் இருந்தாலும் சரி என்று அவருடைய மாணவர் இப்னுல் காஸிம் சொல்வது 'முதவ்வனா'வில் இருக்கிறது. நபித்தோழர்கள் சிலர் மையவாடியில் தொழுததாகத் தமக்குச் செய்தி எட்டியிருப்பதாக மாலிக் சொல்கிறார். இதே மாலிக்தான், "யா அல்லாஹ், என் கபுரை வணங்கப்படும் சிலையாக ஆக்கிவிடாதே" என்ற நபியின் துஆவைத் தம் 'முவத்தா'வில் பதிவுசெய்தவர். ஆகவே அவருக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. இடம் சுத்தமாக இருக்கிறது, தொழுகிறவர் அல்லாஹ்வைத்தான் தொழுகிறார் என்னும்போது தடுக்க அவர் முன்வரவில்லை.

ஹன்பலி மத்ஹபு எதிர்ப்பக்கம். மையவாடியில் தொழுதால் தொழுகையே கூடாது, மண் சுத்தமா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. ஒரே ஒரு கபுர் இருந்தால்? மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி ஒன்றிரண்டு கபுர் இருக்கும் இடம் 'மையவாடி' ஆகாது. அதே மத்ஹபின் அறிஞர் இப்னு தைமிய்யா அதை ஏற்கவில்லை. தடைக்குக் காரணம் ஷிர்க்கின் பயம் என்றால், ஒற்றைக் கபுருக்குத்தானே பயம் அதிகம் என்பது அவர் வாதம். தர்காவில் கூட்டம் கூடுவது ஒரு கபுரைச் சுற்றித்தான், ஆயிரம் கபுர் உள்ள மையவாடியில் யார் கூடுகிறார்கள் என்று யோசித்தால் அவர் வாதத்தின் கூர்மை விளங்கும்.

இந்த இடத்தில், இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸாத் தொழுகையைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். பள்ளியைக் கூட்டிப் பெருக்கிவந்த ஒருவர் இறந்ததும், நபியவர்களுக்குச் சொல்லாமலே அடக்கிவிட்டார்கள். தெரியவந்ததும் நபியவர்கள் கபுரைக் காட்டச் சொல்லிப் போய் அங்கேயே ஜனாஸாத் தொழுதார்கள். அந்தத் தொழுகையில் ருகூஉம் (குனிதலும்) இல்லை, ஸஜ்தாவும் இல்லை. ஆகவே மையவாடியில் ஜனாஸாத் தொழுததைக் காட்டி 'பார்த்தீர்களா, கபுர் முன்னால் தொழலாம்' என்று அன்றாடத் தொழுகைகளான லுஹரையும் அஸரையும் அதோடு சேர்ப்பது பொருந்தாது.

அடுத்து, எது முதலில் வந்தது என்ற கேள்வி.

மதீனாவில் நபியின் பள்ளியான மஸ்ஜிதுந் நபவி எழும்பிய இடம் பனூ நஜ்ஜார் கூட்டத்தாருடையது. அங்கே இணைவைப்பாளர்களின் பழைய கபுர்களும் இடிபாடுகளும் பேரீச்ச மரங்களும் இருந்தன. கபுர்கள் தோண்டி அகற்றப்பட்டன, இடிபாடுகள் சமப்படுத்தப்பட்டன, வெட்டிய மரங்கள் கிப்லாப் பக்கம் வரிசையாக நடப்பட்டன. ஆகவே கபுர் இருந்த மண்ணில் பள்ளி கட்டக் கூடாது என்பது சட்டமில்லை. கபுர் அங்கே கபுராகவே இருக்கும்போது அதன் மேல் கட்டுவதுதான் பிரச்சினை. முஸ்லிம்களின் கபுரை அப்படித் தோண்டிவிட முடியாது, அதற்குக் கண்ணியம் உண்டு. ஆனால் உடல் முழுதும் மக்கி மண்ணாகிவிட்டால் அந்த இடத்தில் வேறொருவரை அடக்கலாம், பயிர் செய்யலாம், கட்டலாம் என்று ஹனஃபி அறிஞர் ஸைலஈ எழுதுகிறார்.

தலைகீழான நிலையும் உண்டு. பள்ளி முன்பே இருக்கிறது, பிறகு ஒரு பெரியவரை அதற்குள் அடக்குகிறார்கள். இதில் நான்கு மத்ஹபுகளும் ஏறக்குறைய ஒரே குரலில் வேண்டாம் என்கின்றன. காரணம் எளிது: தொழுகைக்கு என்று வக்ஃப் செய்த (அறத்துக்கு நிரந்தரமாக ஒப்படைத்த) இடத்தை வேறு வேலைக்கு எடுக்க யாருக்கும் உரிமையில்லை. இப்னு தைமிய்யாவின் மாணவர் இப்னுல் கய்யிம் இரண்டு நிலைகளையும் ஒரே விதியில் அடக்கினார்: பள்ளியும் கபுரும் ஒன்றாகச் சேராது, எது பிந்தி வந்ததோ அது விலக வேண்டும். பள்ளி முந்தியிருந்தால் கபுரை வெளியே மாற்ற வேண்டும், கபுர் முந்தியிருந்தால் பள்ளியை. மற்ற மத்ஹபினர் பலர் இந்த அளவு போவதில்லை. ஆனால் கபுர் உள்ள பள்ளியைப் பற்றி யாராவது பேசினால், 'எது முந்தி?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே தெளிந்துவிடும்.

இனி எல்லாரும் கேட்கும் கேள்வி. நபி (ஸல்) அவர்களின் கபுரே மஸ்ஜிதுந் நபவிக்குள் இருக்கிறதே?

நபியவர்கள் பள்ளியில் அடக்கப்படவில்லை. பள்ளியை ஒட்டிக் கிழக்கே இருந்த ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில், உயிர் பிரிந்த அறையிலேயே அடக்கப்பட்டார்கள். பிறகு அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் அதே அறையில். உமரும் உஸ்மானும் (ரலி) பள்ளியை விரிவாக்கியபோது மற்றத் திசைகளில் நீட்டினார்களே தவிர, நபியின் மனைவியர் வீடுகள் இருந்த கிழக்கில் கைவைக்கவில்லை. ஹிஜ்ரி 88-இல், கிபி 707 வாக்கில், உமய்யா கலீஃபா வலீத், மதீனாவின் ஆளுநராக இருந்த உமர் பின் அப்துல் அஸீஸ் மூலம் கிழக்கிலும் விரிவாக்கினார். அப்போதுதான் அந்த அறை பள்ளியின் எல்லைக்குள் வந்தது. நபித்தோழர்களில் பெரியவர்கள் பலர் அதற்குள் மறைந்துவிட்டார்கள்.

அந்தக் கட்டடக்காரர்கள் செய்த வேலையைக் கவனித்தால் சட்டப் புத்தகம் திறந்ததுபோல் இருக்கும். மதீனாவுக்குக் கிப்லா தெற்கு. ஆகவே அறைக்கு வடக்கே நிற்பவருக்குத்தான் கபுர் நேர் முன்னால் வரும். அறையைச் சுற்றி உயரமாகச் சுவர் எழுப்பியவர்கள், வடக்குப் பக்கத்தை மட்டும் நேர்ச்சுவராக விடாமல், இரண்டு மூலைகளிலிருந்தும் சாய்வாகச் சுவரை இழுத்து ஒரு முனையில் சேர்த்துவிட்டார்கள். வெளிச்சுவர் ஐங்கோணமாக நின்றது. வடக்கே நின்று யாராலும் கபுரை நேராக நோக்க முடியாதபடி இப்படிச் செய்தார்கள் என்று ஆயிஷாவின் ஹதீஸுக்கு விளக்கம் எழுதும்போது நவவி சொல்கிறார். இப்போது அந்த அறைக்கும் மிம்பர் மேடைக்கும் இடைப்பட்ட 'ரவ்ளா'வில் தொழுகிறவர் தெற்கு நோக்கி நிற்கும்போது அறை அவருக்கு இடப்பக்கம்தான் இருக்கும், முன்னால் இல்லை. மேலே தெரியும் குவிமாடம் இதற்கெல்லாம் பல நூற்றாண்டு பிந்தியது. 1279-இல் மம்லூக் சுல்தான் கலாவூன் காலத்தில் முதலில் எழுந்தது, பச்சை நிறம் பூசியது 1837-இல்.

இந்த ஒரே கட்டடத்தை இரு தரப்பும் சாட்சிக்கு அழைக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உலக முஸ்லிம்கள் அங்கே தொழுகிறார்கள், அறிஞர்கள் யாரும் அந்தத் தொழுகை கூடாது என்று சொன்னதில்லை, ஆகவே கபுர் உள்ள பள்ளியில் தொழலாம் என்பது ஒரு தரப்பு. அடக்கியது வீட்டில், இணைத்தது பிற்கால அரசர், இடையில் இத்தனை சுவர், தவிர அங்கே தொழும் ஒரு தொழுகைக்கு ஆயிரம் மடங்கு நன்மை என்று நபியே சொன்ன பள்ளி அது, வேறெந்தப் பள்ளிக்கும் இதைப் பொருத்த முடியாது என்பது மறு தரப்பு. என் பார்வையில், அந்தச் சாய்வுச் சுவர் இருவருக்குமே சங்கடம் தரும் சாட்சி. கபுர் உள்ளே வந்தால் பள்ளியை விட்டுவிட வேண்டும் என்று அதைக் கட்டியவர்கள் நினைக்கவில்லை. கபுர் முன்னால் இருந்தால் பரவாயில்லை என்றும் அவர்கள் நினைக்கவில்லை.

குர்ஆனில் குகைவாசிகள் வரலாறும் (18:21) இந்தப் பேச்சில் தவறாமல் வரும். அவர்கள் காரியத்தில் மேலோங்கியவர்கள், இவர்கள் மேல் ஒரு மஸ்ஜித் எழுப்புவோம் என்றார்கள் என்கிறது வசனம். அல்லாஹ் அதைக் கண்டிக்காமல் சொல்வதால் அனுமதி என்பார்கள் சிலர். நடந்ததைச் சொல்வது ஒப்புதல் ஆகாது, சொன்னவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்கள், நபிமொழி கண்டித்ததும் இதைத்தான் என்பார்கள் மற்றவர்கள். அதேபோல 'மஸ்ஜிதாக ஆக்குவது' என்பதற்கு என்ன பொருள் என்பதிலும் பிரிகிறார்கள். கபுருக்கு ஸஜ்தா செய்வதும் அதைக் கிப்லாவாக்குவதும்தான் சபிக்கப்பட்டது, ஒரு நல்லடியாரின் அருகே பரக்கத் நாடிப் பள்ளி அமைத்தவர் அதில் சேரமாட்டார் என்றார் குர்ஆன் விரிவுரையாளர் பைளாவி. கட்டுவதே அந்த வழிக்கு முதல் படி, ஆகவே அதுவும் சேரும் என்றார்கள் மற்றவர்கள்.

இன்றைய ஃபத்வாக்கள் (மார்க்கத் தீர்ப்புகள்) இந்தப் பழைய பிரிவின் தொடர்ச்சிதான். கெய்ரோவில் ஹுஸைன் பள்ளி, சய்யிதா ஸைனப் பள்ளி போன்ற பெரிய பள்ளிகளில் மக்பரா இருக்கிறது. எகிப்தின் ஃபத்வா மையமான தாருல் இஃப்தா அங்கே தொழுவது கூடும், ஆகுமானது என்கிறது. சவூதியின் நிரந்தர ஃபத்வா குழுவோ கபுர் மேல் கட்டிய பள்ளியில் தொழக் கூடாது என்கிறது.

சரி, வளாகத்தில் விரிப்போடு நிற்பவருக்கு வருவோம். மையவாடி பள்ளியின் சுவருக்கு வெளியே, வலத்திலோ இடத்திலோ பின்னாலோ இருந்தால் அவர் உள்ளே நிம்மதியாகத் தொழலாம். பெரும்பாலோரிடம் இதில் தகராறு இல்லை. நம் ஊரில் கிப்லா மேற்கே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து. ஆகவே மிஹ்ராபுக்கு (இமாம் நிற்கும் மாடத்துக்கு) அப்பால் மேற்கில் மையவாடி இருக்கும் பள்ளிகளில்தான் கேள்வி வரும். இடையில் பள்ளிச் சுவர் நிற்பதால் போதும் என்பார்கள் பெரும்பாலோர். பள்ளிச் சுவர் தவிர மையவாடிக்கென்று தனி மதிலோ பாதையோ வேண்டும் என்று ஹன்பலிகளில் சிலர் சொல்லியிருக்கிறார்கள். புதிதாகக் கட்டும் ஜமாஅத்துக்கு ஒரு காம்பவுண்டு சுவர் பெரிய செலவில்லை, அதோடு இந்தப் பேச்சும் ஓய்ந்துவிடும். பள்ளிக்குள்ளேயே தனி அறையில் கபுர் இருந்தால் மூன்று மத்ஹபுகளின்படி தொழுகை கூடிவிடும். ஹன்பலி வழியில் கடுமையாகப் பார்ப்பவர் வேறு பள்ளிக்குப் போவார். பழைய தொழுகைகளைக் களாச் செய்ய (மீட்டித் தொழ) வேண்டுமோ என்று பயந்துபோய்க் கேட்பவர்களும் உண்டு. தெரியாமல் தொழுததை மீட்டச் சொல்பவர்கள் மிகக் குறைவு.

எதிரே மீஸான் கல் மட்டும், நடுவில் ஏதுமில்லை என்றால்? நபித்தோழர் அனஸ் (ரலி) ஒருநாள் இப்படித்தான் ஒரு கபுருக்கு முன்னால் தொழுதுகொண்டிருந்தார். பார்த்த உமர் (ரலி), "அல்கப்ர்! அல்கப்ர்!" என்று குரல் கொடுத்தார். தொழுகையில் இருந்த அனஸுக்கு அது "அல்கமர்" என்று காதில் விழுந்தது. நிலவைச் சொல்கிறாரோ என்று எண்ணினார். கபுரைத்தான் சொல்கிறார் என்று பிறகு புரிந்ததும், அதைத் தாண்டி முன்னால் போய் நின்று தொழுதார். மீட்டித் தொழும்படி உமர் அவரிடம் சொல்லவில்லை.